கெர்னலின் வாயிலும் அதன் மேக்ரோக்களும்

கணிப்பொறி நூல் பயிலும் மாணாக்கர் தொகை நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் பெருகி வருதல் கண்டு மகிழாதார் இலர். யாமும் மகிழ்கின்றோம். ஆயினும், அவருள் பலர் பயிலும் முறையைக் குறித்து எம்முள்ளத்தே ஒரு குறை நெடுநாளாக இருந்து வருகின்றது. அதனை இவ்வாண்டு மலரில் மறைக்காது எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஸி மொழியில் எழுதப்பட்ட சின்னஞ்சிறு நிரல் ஒன்றனைக் கருதுக. முதலில் 'பிரின்ட்எஃப்' என்னும் செயற்கூற்றால், வரியை முடிக்காமலே, ஒரு சொல் எழுதப்படுகின்றது. அடுத்து 'ஃபோர்க்' என்னும் அழைப்பினால் ஓடிக்கொண்டிருக்கும் பிராஸஸ் இரண்டாகப் பிரிகின்றது. அவ்வளவே நிரல். சொல்லை எழுதுமாறு ஏவியது ஒருமுறைதான். திரையிலோ அச்சொல் இருமுறை தோன்றுகின்றது. மாணாக்கன் திகைக்கின்றான். வரியை முடித்துப் பார்க்கின்றான். திரையில் ஒருமுறைதான் வருகின்றது. விளைவைக் கோப்பு ஒன்றுக்குத் திருப்புகின்றான், மறுபடியும் இருமுறை! பொறிக்குப் பித்துப் பிடித்ததோ என ஐயுறுகின்றான். இறுதியில், 'வரியை முடித்தல் வேண்டும்' என்று ஒரு சூத்திரத்தை மனனஞ் செய்துகொண்டு தேர்வுக்குச் செல்கின்றான்.

இதில் வியப்புக்கு இடமே இல்லை. 'பிரின்ட்எஃப்' என்பது ஸி நூலகத்தைச் சார்ந்தது. (நம் கல்லூரிப் புத்தகசாலையோடு இதனை மயங்கற்க, பலரும் பயன்படுத்துதற்பொருட்டு முன்னரே எழுதி வைக்கப்பட்ட செயற்கூறுகளின் தொகுதியையே இங்கு நூலகம் என்கின்றோம்.) அது சொல்லை வாங்கிப் பிராஸஸின் நினைவிலேயே ஓர் இடைத்தேக்கத்தில் வைத்துக்கொள்கின்றது, கெர்னலிடம் அப்பொழுதே கொடுப்பதில்லை. 'ஃபோர்க்' பிராஸஸ் முழுவதையும் நகலெடுக்கும்பொழுது தேக்கத்திற் கிடந்த சொல்லும் நகலாகின்றது. இரு பிராஸஸ்களும் முடியுங் காலத்து ஒவ்வொன்றும் தன் தேக்கத்தை வெளியே கொட்டுகின்றது. திரைக்கு எழுதும்பொழுது வரி முடிந்தவுடன் தேக்கம் காலியாகும். கோப்புக்கு எழுதும்பொழுது அங்ஙனம் ஆவதில்லை. இவ்விரண்டனுள் எது நூலகத்தின் வேலை, எது கெர்னலின் வேலை என்று அறிந்தவனுக்கு இது புதிரன்று. அறியாதவனுக்கோ இதுபோன்ற புதிர்கள் வாழ்நாள் முழுதும் தொடரும்.

ஆதலின் எம் கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களைப் பயிலப் புகுவோர், நிரலுக்கும் கெர்னலுக்கும் இடையே உள்ள வாயிலை ஒருமுறையேனும் தம் கையாலே திறந்து பார்த்தல் வேண்டும். அதனைக் கற்பித்தற்கு, லினக்ஸில் ஒரு காலத்து வழங்கிய 'சிஸ்கால்' மேக்ரோக்களைப்போல எளியதும் முழுமையுடையதுமான பாடம் வேறொன்று இல்லை. இவற்றை இன்று நிரல்களிற் புகுத்துக என்று யாம் சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டிலேயே இவை பொதுவழக்கினின்று நீக்கப்பட்டன. நீக்கியது நன்றே என்பதும் எம் கருத்து. வழக்கொழிந்ததொன்றைப் பயில்க என்பது முரணாகத் தோன்றலாம். அது முரணன்று என்பதைக் காட்டவே இக்கட்டுரை எழுந்தது.

வாயில் என்று யாம் குறித்தது யாது? இக்காலத்துச் செயலி இருவகை நிலையில் இயங்கும். ஒன்று சாதாரண நிலை. மற்றொன்று அதிகார நிலை. நம் நிரல்கள் யாவும் முன்னதில் ஓடுவன. வட்டு, திரை, பிற நிரல்களின் நினைவு ஆகிய எவற்றையும் அவை நேரே தொடல் இயலாது. கெர்னல் மட்டுமே பின்னதில் ஓடுவது. நிரலுக்கு ஒரு கோப்பைப் படிக்கவேண்டுமாயின் கெர்னலை வேண்டிப் பெறுதலே வழி. அவ்வேண்டுகோளைத்தான் சிஸ்டம் கால், அதாவது முறைமை அழைப்பு, என்பர். கலெக்டர் கச்சேரியில் உள்ளே புகுந்து பீரோவைத் திறக்க எவருக்கும் உரிமை இல்லை. சன்னலண்டை நின்று, இன்ன எண்ணுள்ள மனு என்று குறித்து, வேண்டிய விவரங்களை அதற்குரிய கட்டங்களில் நிரப்பி நீட்டுதல் வேண்டும். இங்கும் அவ்வாறே. அழைப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணையும் விவரங்களையும் செயலியின் ரிஜிஸ்டர்களில் இட்டுத் தனிக் கட்டளை ஒன்றைப் பிறப்பித்தவுடன், செயலி அதிகார நிலைக்கு மாறிக் கெர்னலுக்குள் குறிக்கப்பட்ட ஓரிடத்தில் மட்டுமே புகும். எங்கே புகுவது என்பதை நிரல் தீர்மானிப்பதில்லை. பாதுகாப்பு முழுவதும் இந்த ஒரு விதியின்மேல் நிற்கின்றது.

இம்முறை நேற்று முளைத்ததன்று. பிடிபி-11 என்னும் பொறியில் யூனிக்ஸ் ஓடிய காலத்தில், 1975-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பிலேயே, 'டிராப்' என்னும் கட்டளையின் தாழ்ந்த பகுதியில் அழைப்பின் எண் பொறிக்கப்பட்டிருந்தது. 'எக்ஸிட்' 1, 'ஃபோர்க்' 2, 'ரீட்' 3, 'ரைட்' 4, 'ஓப்பன்' 5, 'குளோஸ்' 6. முதல் விவரம் ஒரு ரிஜிஸ்டரிலும், எஞ்சியவை கட்டளையை அடுத்த நினைவிடங்களிலும் வைக்கப்பட்டன. அழைப்பு தவறினால் செயலியின் 'கேரி' என்னும் ஒற்றைக் கொடியைக் கெர்னல் உயர்த்தும். நூலகத்திலுள்ள சிறு பகுதியொன்று அதனைக் கண்டு, தவற்றின் எண்ணை 'எர்நோ' என்னும் மாறியில் இட்டு, அழைத்தவனுக்கு −1 என்று விடை தரும். இன்றைக்கும் ஃப்ரீபிஎஸ்டி முறைமையில், செயலி முற்றிலும் வேறானபோதும், தவற்றை உணர்த்துவது அக்கேரிக் கொடியே. மரபு எத்துணை வலிது என்பதை இதனாற் காண்க.

1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் ஃபின்லாந்து மாணவர், இன்டெல் 386 செயலிக்கென லினக்ஸின் முதற் பதிப்பை வெளியிட்டார். அதிலும் 'எக்ஸிட்' 1, 'ஃபோர்க்' 2, 'ரீட்' 3, 'ரைட்' 4 என்ற பழைய எண்களே இடம்பெற்றன. ஆனால் தவற்றைத் தெரிவிக்கும் வழி மாறியது. கொடியை விடுத்து, விடையையே எதிரெண்ணாகத் தருவது என்று அவர் வைத்துக்கொண்டார். கோப்பு இல்லையெனில் −2. அனுமதி இல்லையெனில் −13. கொடுத்த முகவரி பொருந்தாதெனில் −14. இவ்விடையை −1 ஆகவும் 'எர்நோ' ஆகவும் பிரித்துத் தரும் பொறுப்பு நிரலின் பக்கத்தைச் சார்ந்தது. அதனைச் செய்தற்கெனத் தலைப்புக் கோப்பு ஒன்றில் நான்கு மேக்ரோக்களை வைத்தார்: 'சிஸ்கால்0' முதல் 'சிஸ்கால்3' வரை. விவரம் ஒன்றும் இல்லாத அழைப்புக்கு முதலாவது. மூன்று விவரமுள்ள அழைப்புக்கு நான்காவது. பிற்பாடு ஆறு விவரம் வரை நீட்டப்பட்டு ஏழு மேக்ரோக்கள் ஆயின.

மேக்ரோ என்பது செயற்கூறு அன்று. கம்பைலர் நிரலைப் படிப்பதற்கு முன்னரே, ஒரு பெயரைக் கண்ட இடத்தில் அதற்குரிய நீண்ட வாசகத்தை அப்படியே பெய்துவிடுவது மேக்ரோ. 'சிஸ்கால்1' என்று எழுதி, அடைப்புக்குள் விடையின் வகை, அழைப்பின் பெயர், விவரத்தின் வகை, விவரத்தின் பெயர் ஆகிய நான்கையும் தந்தால், அவ்வொரு வரி முழுச் செயற்கூறு ஒன்றாக விரியும். எடுத்துக்காட்டாக 'குளோஸ்' என்னும் பெயரைத் தருவோம். விரிந்த வாசகத்தின் முதல் வரி 'குளோஸ்' என்னும் செயற்கூற்றின் தலைப்பு. அடுத்தது, கம்பைலருக்கு உள்ளேயே பொதிந்து வைக்கப்படும் பொறிமொழிக் கட்டளை: குறுக்கீட்டு எண் பதினாறடிமானத்தில் 80, நம் எண்ணில் 128. அக்கட்டளையோடு சேர்த்து, 'அழைப்பின் எண்ணை ஈஏஎக்ஸ் ரிஜிஸ்டரில் வை. முதல் விவரத்தை ஈபிஎக்ஸ் ரிஜிஸ்டரில் வை. முடிந்தபின் விடையை ஈஏஎக்ஸிலிருந்தே எடு' என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்புக்கள் உள்ளன. இறுதியில் ஒரு சோதனை: விடை எதிரெண் அன்றேல் அதனையே திருப்புக, எதிரெண்ணாயின் அதன் குறியை மாற்றி 'எர்நோ'வில் இட்டு −1 தருக.

இங்கு நுட்பமான செய்தி ஒன்று உண்டு. 'குளோஸ்' என்று நாம் தந்தது ஒரு சொல்லே. ஆனால் கெர்னலுக்கு வேண்டுவது 6 என்னும் எண். அச்சொல்லின் முன்னே 'என்ஆர்' என்னும் முன்னொட்டைச் சேர்த்து ஒட்டி, புதியதொரு பெயரை மேக்ரோவே ஆக்கிக்கொள்கின்றது. அந்த ஒட்டுப் பெயருக்கு 6 என்று வேறோரிடத்தில் வரையறை உண்டு. நிலைமொழியும் வருமொழியும் புணர்ந்து ஒரு சொல்லாதலைப்போல, இரு குறியீடுகள் புணர்ந்து ஒன்றாகின்றன. செயற்கூற்றினால் இதனைச் செய்தல் ஒருபோதும் இயலாது. ஏனெனில் செயற்கூறு மதிப்புக்களைப் பெறுமேயன்றிப் பெயர்களைப் பெறாது. மேக்ரோவுக்கும் செயற்கூற்றுக்கும் வேற்றுமை யாது என்னும் கேள்வி தேர்வுதோறும் வருகின்றது. 'மேக்ரோ விரைவானது' என்பதே பெரும்பாலோர் விடை. இந்த ஓர் எடுத்துக்காட்டைப் படித்தவன் அவ்விடையோடு நிற்கமாட்டான்.

மேக்ரோ ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு ஆரம்பகால லினக்ஸின் தொடக்கக் கோப்பிலேயே இன்னும் அழகான காரணம் ஒன்று காணப்படுகின்றது. முறைமை எழுந்திருக்கும்பொழுது முதற் பிராஸஸ் 'ஃபோர்க்' அழைப்பினால் இரண்டாகப் பிரிதல் வேண்டும். பொதுவாக, பிரிந்த இரண்டும் ஒரே நினைவைப் பகிர்ந்துகொண்டு, எழுதப்புகும்பொழுதே தனித்தனி நகல் பெறும். ஆனால் கெர்னலின் நினைவிலிருந்தே பிரியும் இந்த முதற் பிரிவுக்கு அக்காப்பு இல்லை. இரண்டுக்கும் ஸ்டாக் ஒன்றே. 'ஃபோர்க்' ஒரு சாதாரணச் செயற்கூறாக இருந்தால், அதனின்று மீளவேண்டிய முகவரி அந்த ஸ்டாக்கில் இருக்கும். முதலில் மீளும் பிராஸஸ் அவ்விடத்தைத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும். அடுத்தது மீள வரும்பொழுது முகவரி சிதைந்திருக்கும். ஆகவே அழைப்பு செயற்கூறாக ஆகாமல் அந்த இடத்திலேயே விரிந்து நிற்றல் வேண்டும். மேக்ரோவின் முன் 'இன்லைன்' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்ததனாலே இக்காரியம் கைகூடிற்று. கோப்பிலுள்ள குறிப்புரையில் ஆசிரியரே இதனை விளக்கியிருக்கின்றார். ஒரு சொல்லைச் சேர்ப்பதற்கும் சேர்க்காமைக்கும் இடையே முறைமை எழுவதும் விழுவதுமாகிய வேற்றுமை இருந்தது என்பதைப் படிக்கும் இளைஞன், ஸ்டாக் என்பது யாது என்பதைப் பிறகு மறப்பானா?

இனி, இம்மேக்ரோக்களின் குறைகளும் பாடமாகத் தக்கனவே. எமக்கு அவை குணங்களினும் சுவையுடையனவாகத் தோன்றுகின்றன. விடை எதிரெண்ணாயின் தவறு என்று முதற் பதிப்பிற் கொண்ட சோதனையைப் பாருங்கள். முப்பத்திரண்டு பிட் பொறியில் நினைவு முகவரிகளின் மேற்பாதி முழுவதும், குறியுடைய எண்ணாகப் படிக்குங்கால், எதிரெண்ணாகவே தோன்றும். நினைவிடம் கேட்கும் அழைப்புக்கு அப்பாதியினின்று ஒரு முகவரி விடையாக வந்தால், மேக்ரோ அதனைத் தவறென்று கொண்டு −1 தந்துவிடும். அதனாற் பின்வந்த பதிப்புக்களில் சோதனை குறுக்கப்பட்டது: −125 முதல் −1 வரை உள்ள விடையே தவறு, மற்றவை நல்லன. இன்றைய மரபில் அவ்வெல்லை −4095. எந்த எண்ணும் மெய்யான விடையாகவும் தவறாகவும் ஒருங்கே இருத்தல் கூடாது என்னும் ஒப்பந்தம் எவ்வளவு மெதுவாக உருவானது என்பது இதனால் விளங்கும்.

அவ்வொப்பந்தத்தின் விசித்திரமான விளைவு ஒன்றையும் சொல்லவேண்டும். பிராஸஸின் முன்னுரிமையைக் கேட்கும் 'கெட்பிரையாரிட்டி' என்னும் அழைப்புக்கு, −20 முதல் 19 வரை எதுவும் நேரான விடையே. எதிரெண்ணைத் திருப்பினால் அது தவற்றோடு மயங்கும். ஆகையால் கெர்னல் 20-இலிருந்து அதனைக் கழித்து, 40 முதல் 1 வரையுள்ள எண்ணாகவே தருகின்றது. நூலகம் அதனை மீண்டும் கழித்துப் பழைய உருவுக்குக் கொண்டுவருகின்றது. அழைப்பை நேரே செய்பவன் 0-க்குப் பதில் 20 என்று விடை பெற்று விழிப்பான்! நூலகம் வெறும் உறை என்று நினைப்பார்க்கு இது ஒரு மறுப்பு. உறைக்குள்ளும் சில இடங்களில் வேலை நடக்கின்றது.

நூலகம் எப்பொழுதும் சொன்னதையே செய்கின்றது என்பதும் இல்லை. குளிப்சி எனப்படும் நூலகம், 2.3.4 பதிப்பு முதல் 2.24 வரை, பிராஸஸின் எண்ணைத் தரும் 'கெட்பிஐடி' விடையை ஒருமுறை கேட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பிறகு கெர்னலைக் கேளாமலே சொல்லிவந்தது. நூலகத்துக்குத் தெரியாத வழியிற் பிரிந்த பிராஸஸுக்கு அதனாற் பொய் விடை கிடைத்தது. 2017-இல் வந்த 2.25 பதிப்பில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. இன்னொரு புறம், நூலின் எண்ணைத் தரும் 'கெட்டிஐடி' என்னும் அழைப்பு 2001-லேயே கெர்னலில் இருந்தும், குளிப்சி அதற்கு ஒரு செயற்கூறு தந்தது 2019-லேதான். (பிராஸஸுக்குள் ஓடும் தனி இழையை நூல் என்றோம்.) இடைப்பட்ட பதினெட்டு ஆண்டும் அதனை வேண்டினோர் முதலில் 'சிஸ்கால்0' மேக்ரோவையும், அது நீங்கிய பின்னர் 'சிஸ்கால்' என்னும் பொதுச் செயற்கூற்றையும் கொண்டே பெற்றனர். வாயிலைத் திறக்கத் தெரிந்தவர் காத்திருக்கவில்லை.

இத்தகைய மேக்ரோக்களை நீக்கியது ஏன்? காரணங்கள் இரண்டு எமக்கு வலியனவாகப் படுகின்றன. பங்கிட்டுப் பயன்படுத்தும் நூலகங்கள் நினைவில் எவ்விடத்தும் அமரத்தக்கவாறு தொகுக்கப்படுவன. 386 செயலியில் அதற்கெனக் கம்பைலர் ஈபிஎக்ஸ் ரிஜிஸ்டரை ஒதுக்கி வைத்துக்கொள்ளும். மேக்ரோவோ முதல் விவரத்துக்கு அதே ரிஜிஸ்டரைக் கேட்கும். ஓருறையில் இரு வாள். மற்றொன்று, குறுக்கீட்டுக் கட்டளை புதிய செயலிகளில் மிகவும் மந்தமாயிற்று. 2002 இறுதியில் லினக்ஸ் 'சிஸ்என்டர்' என்னும் விரைவான கட்டளையை மேற்கொண்டது. நூலகத்தின் வழியே அழைத்த நிரல்கள், நூலகம் புதியதானவுடன், தாமும் விரைந்தன. மேக்ரோவைத் தம்முள்ளே விரித்து வைத்திருந்த நிரல்கள் பழைய வாயிலிலேயே நின்றன. 2006-இல் வெளிவந்த 2.6.18 கெர்னலை ஒட்டி, நிரல்களுக்கு வழங்கும் தலைப்புக் கோப்புக்களினின்று இவை விலக்கப்பட்டன. லினக்ஸ் கெர்னலை விளக்கும் நல்ல நூலொன்றின் மூன்றாம் பதிப்பு, 2005-இல் வந்தது, ஏழு மேக்ரோக்களையும் நடைமுறையில் உள்ளனவாகவே விவரிக்கின்றது. அச்சானபொழுது அது முற்றும் உண்மை. அதனை இன்று புத்தகசாலையில் எடுத்து, காலம் நோக்காது தட்டச்சு செய்யும் மாணாக்கனுக்குக் கம்பைலர் தரும் தவற்றுச் செய்திகள் ஒரு பக்கம் நிரம்பும். அவனைக் குறை கூறார் உளர். எம் குறை, அச்செய்திகள் ஏன் வந்தன என்பதைச் சொல்லாமல் வேறு பாடத்துக்குத் தாவும் ஆசிரியர்பாற் செல்கின்றது.

வாயிலின் மறுபுறத்திலும் மேக்ரோக்கள் உண்டு என்பதைப் பலர் நோக்குவதில்லை. கெர்னலுக்குள் ஓர் அழைப்பை வரையறுக்க இன்று 'சிஸ்கால் டிஃபைன்' என்னும் வரிசை வழங்குகின்றது. 2009-இல் வெளிப்பட்ட ஒரு பாதுகாப்புக் குறையே அதற்குக் காரணம். பவர்பிசி, எஸ்390 முதலிய சில அறுபத்துநான்கு பிட் பொறிகளில், முப்பத்திரண்டு பிட் விவரம் ஒன்றை ரிஜிஸ்டரில் இடுவோர் மேற்பாதியைக் குறிக்கேற்ப நிரப்பித் தருவர் என்று கெர்னல் நம்பியிருந்தது. சூதுடைய நிரல் அங்ஙனம் நிரப்பாமல் அனுப்பினால் முறைமையே குலையக்கூடும். புதிய மேக்ரோக்கள் ஒவ்வொரு விவரத்தையும் முதலில் முழுநீள எண்ணாக வாங்கி, பின்னரே தம் கையால் உரிய வகைக்குக் குறுக்குகின்றன. வெளியிலிருந்து வரும் எதனையும் நம்பாதே என்னும் விதியை நூற்றுக்கணக்கான அழைப்புகளில் தனித்தனியே எழுதியிருந்தால் எங்கேனும் ஒன்று விடுபட்டிருக்கும். ஒரு மேக்ரோவில் எழுதியதனால் எங்கும் நிலைத்தது.

எம் கருத்துக்கு மாறாகச் சொல்வார் கூறுவதையும் கேட்போம். 'கெர்னலை நேரே அழைத்தல் தீமை என்று உலகமே ஒப்புக்கொண்டிருக்க, அதனை ஏன் கற்பிக்கின்றீர்?' என்பர். அவர் காட்டும் சான்றுகள் மெய்யானவை. கோ மொழியின் நிரல்கள் மேக் முறைமையில் நூலகத்தைத் தவிர்த்துக் கெர்னலை நேரே அழைத்துவந்தன; 2016-இல் ஆப்பிள் நிறுவனத்தார் நேரத்தைக் கேட்கும் அழைப்பின் உள்முறையை மாற்றியபோது அந்நிரல்கள் பழுதுற்றன. மேக் முறைமையில் நூலகத்தின் செயற்கூறுகளே உறுதியளிக்கப்பட்டவை. எண்களும் ரிஜிஸ்டர்களும் அல்ல. 2018-இல் கோ மொழியாரும் அங்கு நூலகத்தின் வழிக்கே திரும்பினர். ஓபன்பிஎஸ்டி முறைமையார் இன்னும் ஒருபடி மேலே சென்று, 2024 ஏப்ரலில் வந்த 7.5 பதிப்பில் 'சிஸ்கால்' என்னும் பொதுச் செயற்கூற்றையே அகற்றிவிட்டனர். எந்த அழைப்பு நினைவின் எந்த இடத்திலிருந்து வரலாம் என்பதையும் கெர்னலே கட்டுப்படுத்துகின்றது. திருட்டுத்தனமாகப் புகுந்த நிரற்பகுதி தானே வாயிலைத் திறக்காதிருத்தற்கு இது நல்ல தாழ்ப்பாள்.

இவையெல்லாம் எம் கருத்துக்குத் தடையல்ல, அரணே என்போம். எண்கள் கெர்னலோடு செய்த ஒப்பந்தமா, நூலகத்தோடு செய்த ஒப்பந்தமா என்னும் கேள்விக்கு லினக்ஸார் ஒரு விடையும், ஆப்பிளாரும் ஓபன்பிஎஸ்டியாரும் வேறு விடையும் தருகின்றனர். லினக்ஸில் 1991-இன் குறுக்கீட்டு வாயில் 386 வகை நிரல்களுக்கு இன்றும் திறந்திருக்கின்றது. ஓபன்பிஎஸ்டியில் நேற்றைய நிரலை மறுபடி தொகுத்தால்தான் ஓடும் என்பது அவர்கள் கொள்கை. இவற்றுள் எது நன்று என்று வாதிடவேண்டுமாயின் வாயில் எங்கே இருக்கின்றது என்பதையாவது வாதிடுவோர் கண்டிருத்தல் வேண்டும். தாழ்ப்பாள் இடும் தொழிலாளிக்குக் கதவு தெரியாமல் இயலுமோ? நிரலிற் புகுத்துதல் வேறு, பயிலுதல் வேறு. தவளையைப் பிளந்து பயிலும் மருத்துவ மாணாக்கன் நோயாளியைக் கண்டவுடன் பிளப்பதில்லை.

'நேரமில்லை' என்பது மற்றொரு தடை. பாடத்திட்டம் நிரம்பி வழிகின்றது என்பதை யாமும் அறிவோம். ஆனால் இதற்கு மூன்று பிற்பகல்களுக்கு மேல் வேண்டா. முதல் நாள், லினக்ஸ் ஓடும் எந்தப் பொறியிலும், 'எஸ்டிரேஸ்' என்னும் கருவியைக் கொண்டு ஒரு சிறு நிரலின் அழைப்புகளையெல்லாம் மாணாக்கர் வரிசையாகக் காணட்டும். ஒரு சொல்லை எழுதுவதற்கு முன்னர் எத்தனை அழைப்புகள் நடந்தேறுகின்றன என்பதைப் பார்த்தாலே பலருக்குக் கண் திறக்கும். கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய 'ஃபோர்க்' புதிரையும் அதே கருவியில் இட்டு, 'ரைட்' எங்கே எத்தனை முறை வருகின்றது என்று எண்ணச் செய்க.

இரண்டாம் நாள், 'சிஸ்கால்3' மேக்ரோவைத் தாமே எழுதட்டும். ஆனால் இன்றைய அறுபத்துநான்கு பிட் செயலிக்கு. அங்குக் கட்டளையின் பெயரே 'சிஸ்கால்'. எண் ஆர்ஏஎக்ஸில்; விவரங்கள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9 என்னும் வரிசையில். செயற்கூறுகளை அழைக்கும் மரபில் நான்காவது விவரம் ஆர்சிஎக்ஸில் இருக்க, இங்கு மட்டும் ஆர்10 ஆனது ஏன் என்று கேட்கச் செய்க. திரும்பவேண்டிய முகவரியைச் செயலி ஆர்சிஎக்ஸிலும், கொடிகளை ஆர்11-இலும் எழுதிவிடுகின்றது என்பதே விடை. இவ்விரண்டும் அழியும் என்று கம்பைலருக்கு அறிவிக்க மறந்தவனுடைய நிரல் சிலபோது ஓடும், சிலபோது ஓடாது. வேகப்படுத்தித் தொகுக்கும்பொழுது மட்டும் பிழைக்கும். அப்பிழையை ஒரு மணி நேரம் தேடுதல் பத்து விரிவுரைக்குச் சமம்.

மூன்றாம் நாள், எண்களை வேண்டுமென்றே மாற்றியிடட்டும். அறுபத்துநான்கு பிட் மரபில் 'ரைட்' 1; 'எக்ஸிட்' 60. பழைய மரபிலோ 'எக்ஸிட்'தான் 1. ஆகவே புதிய எண் 1-ஐப் பழைய குறுக்கீட்டு வாயிலில் நீட்டினால், ஒரு சொல்லும் எழுதாமல், ஒரு தவறும் கூறாமல், நிரல் அமைதியாக முடிந்துவிடும். பழைய எண் 4-ஐப் புதிய வாயிலில் நீட்டினால், அங்கு 4 என்பது கோப்பின் விவரத்தைக் கேட்கும் 'ஸ்டாட்' ஆதலின், திரைக்கெனத் தந்த 1-ஐக் கெர்னல் ஒரு முகவரியாகப் படிக்க முயன்று −14 என்று விடை தரும். அவ்விடையை மாணாக்கர் தம் மேக்ரோவினாலேயே பிரித்து 'எர்நோ'வில் 14 என்று காண்பர். நான்காம் நாள் அம்மேக்ரோவை அழித்துவிட்டு, நூலகத்தின் 'ரைட்' செயற்கூற்றுக்கே அவர்கள் திரும்பலாம்.